கூலரைப் பற்றிக் கேட்கும் முன் அறைச் சூட்டைக் கழியுங்கள்

வணக்கம். சென்ற வாரம் வந்த கேள்விகளுள் ஒன்று நான்கு நாள்களாக என் நினைவை விட்டு அகலவில்லை; ஆகவே மற்றவற்றை ஒதுக்கிவைத்து, இன்று அதற்கு மட்டும் விளக்கம் சொல்கிறேன். சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: "என்னிடம் ரைசன் 7 5800எக்ஸ் பிராசசர் இருக்கிறது. எட்டு கோர்களையும் 4.7 கிகாஹெர்ட்ஸில் ஓவர்கிளாக் செய்ய விரும்புகிறேன். 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் வாங்குவதா, இரட்டைக் கோபுர ஏர் கூலர் போதுமா? ஏற்காட்டில் என் மாமா வீட்டில் வைத்து ஓட்டினால் சிறிய கூலரே போதாதா?"

அந்தக் கடைசி வரிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. புதியவர்களுக்கு ஒரு சொல்: பிராசசர் கணினியின் மூளை, கோர்கள் அதனுள் கணக்கிடும் பகுதிகள், வழக்கமான வேகத்துக்கு மேல் அவற்றை ஓட்டுவதுதான் ஓவர்கிளாக். கூலர் என்று இங்கே சொல்வது அறைக்கானதை அல்ல, பிராசசரின் சூட்டை வெளியேற்றும் கருவியை. ஏர் கூலரில் கோபுரமாக அடுக்கிய உலோகத் தகடுகள் வழியே ஃபேன் காற்றைத் தள்ளும்; லிக்விட் கூலரில் பம்ப் ஓட்டும் நீர் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும், 360 மில்லிமீட்டர் என்பது அந்த ரேடியேட்டரின் அளவு. மண்பானையை வைத்து நான் சொன்ன விளக்கம் பழைய நேயர்களுக்கு நினைவிருக்கும். பானையின் சுவரில் கசியும் நீர் ஆவியாகி வெளியே போய்விடுவதால், உள்ளே இருக்கும் நீர் அறையைவிடக் குளிர்ந்துவிடுகிறது. கூலரின் செப்புக் குழாய்க்குள்ளும் சிறிதளவு நீர் இருக்கிறது, அதுவும் ஆவியாகிறது. ஆனால் அது அடைத்த குழாய் என்பதால், ஆவி மறுமுனையில் தகடுகளிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகித் திரும்புகிறது. ஆகவே அந்தச் சூடு அறைக் காற்றில்தான் சேர வேண்டும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், காற்றாலோ ஓடும் நீராலோ இயங்கும் கூலர் பிராசசரை அறை வெப்பத்துக்குக் கீழே இறக்காது. அதனால்தான் அறைச் சூட்டைக் கழித்துவிட்டு மிச்சத்தைச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். மார்கழியில் 77 டிகிரி காட்டிய கணினி சித்திரையில் 86 காட்டினால் கூலர் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. 27-உடன் 50 சேர்ந்தது 77, 36-உடன் அதே 50 சேர்ந்தது 86.

இதை நானே சோதித்துப் பார்த்தேன். இதே வகைப் பிராசசரும் ஒற்றைக் கோபுர கூலரும் உள்ள என் கணினியைச் சென்ற கோடையில் காரில் வைத்துக்கொண்டு, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் மெதுவாகக் கடந்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோனேன். சேலத்தில் 36 டிகிரி அறையில் 86 காட்டியது, அங்கே 21 டிகிரி அறையில் 72 காட்டியது. கழித்துப் பாருங்கள்: கீழே 50, மேலே 51. ஏற்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1500 மீட்டர் உயரத்தில் இருப்பதால், காற்றழுத்தம் சேலத்தில் உள்ளதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. மெலிந்த காற்றில் அதே ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் தள்ளும் காற்றின் நிறை குறையும். மாமா வீடு பதினைந்து டிகிரியைப் பரிசாகத் தரும், தம்பி. ஆனால் கூலரின் வேலையை அது குறைக்காது.

இப்போது உங்கள் பிராசசருக்கு வருவோம். 5800எக்ஸில் எட்டு கோர்களும் சுமார் 80 சதுர மில்லிமீட்டர் மட்டுமே உள்ள ஒரே சில்லில் இருக்கின்றன, அதாவது ஏறத்தாழ ஒரு சுண்டுவிரல் நகத்தின் பரப்பு. ஓவர்கிளாக் செய்யாமலேயே முழு பிராசசரும் 142 வாட் வரை இழுக்கும். அதில் பெரும்பகுதி இந்தச் சிறு இடத்திலிருந்துதான் வெளியேற வேண்டும். நெரிசல் வாசலிலேயே இருக்கும்போது, வெளியே சாலையை அகலமாக்கிப் பெரிய பயன் இல்லை. அதனால்தான் நல்ல இரட்டைக் கோபுர கூலருக்கும் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டருக்கும் இடையே இந்தப் பிராசசரில் எதிர்பார்க்கும் அளவு வேறுபாடு தெரிவதில்லை. 250 வாட் இழுக்கும் பிராசசராக இருந்தால் நான் வேறு விடை சொல்லியிருப்பேன்.

ஆகவே உங்களுக்கு இரட்டைக் கோபுர ஏர் கூலர் போதும். உயரம் 165 மில்லிமீட்டர் வரை வரும் என்பதால் கேபினெட் இடம் கொடுக்கிறதா, ரேம் முட்டுகிறதா என்று அளந்துவிட்டு வாங்குங்கள். இன்னொரு காரணமும் உண்டு, அது அம்மாபேட்டை. தறி ஓடும் வீடு ஒன்றில் வேகம் குறைந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட கணினியை ஒரு முறை திறந்தேன். ஃபேனைக் கழற்றியதும் தகடுகளே கண்ணுக்குத் தெரியவில்லை. பஞ்சும் நூல்தூசியும் படிந்து கம்பளித் துண்டுபோல் இறுகியிருந்தன. நகத்தால் ஓர் ஓரத்தைத் தூக்கினேன், முழுவதும் ஒரே விரிப்பாக உரிந்து வந்தது. தூரிகையால் துடைத்து, பிராசசருக்கும் கூலருக்கும் இடையே சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டைப் புதிதாகப் பட்டாணி அளவு வைத்து மூடினேன். வேறு எதையும் மாற்றாமல் 14 டிகிரி குறைந்தது. ஏர் கூலரில் கெட்டுப்போகக் கூடியது ஃபேன் ஒன்றுதான், அதைத் தனியாக மாற்றிக்கொள்ளலாம். லிக்விட் கூலரின் பம்ப் நின்றால் பெரும்பாலும் முழுவதையும் மாற்ற நேரிடும்.

உண்மையில் நீங்கள் எத்தனை வோல்ட் கொடுப்பது என்று கேட்டிருந்தால் நான் இன்னும் மகிழ்ந்திருப்பேன். வெப்பம் வேகத்தோடு நேர் விகிதத்தில் ஏறுகிறது. வோல்டேஜோடு அதன் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. 4.4 கிகாஹெர்ட்ஸில் 1.2 வோல்ட் வாங்கும் பிராசசர் 4.7-க்கு 1.35 வோல்ட் கேட்கிறது என்று வையுங்கள். வேகம் 7 விழுக்காடுதான் கூடியது, வெப்பமோ ஏறத்தாழ 35 விழுக்காடு கூடிவிட்டது. அறையைக் கழித்தபின் நின்ற 50 டிகிரி 67-ஐத் தாண்டும். சித்திரை மாதத்து அறையின் 36-ஐச் சேர்த்தால் 103. இந்தப் பிராசசருக்கு ஏஎம்டி குறித்திருக்கும் உச்ச வரம்பு 90. இரட்டைக் கோபுரம் அதில் சில டிகிரியைக் குறைக்கலாம், பதின்மூன்றைக் குறைக்கும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன்.

எனவே புதிய கூலரைப் பொருத்தியதும் உடனே 4.7-க்குப் போகாமல், முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை), வோல்டேஜைக் கூட்டிக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசரில் எல்லா கோர்களுக்கும் கழித்தல் 10 வைத்துப் பாருங்கள். அதே வேகத்துக்கு வோல்டேஜ் சற்று இறங்கும்; மிஞ்சும் இடத்தைப் பிராசசரே தன் வேகத்தை உயர்த்தப் பயன்படுத்திக்கொள்ளும். கேபினெட்டின் முன்பக்கக் காற்று உள்ளேயும் பின்பக்கக் காற்று வெளியேயும் போகிறதா என்று ஒரு மெல்லிய தாளை வைத்துச் சோதியுங்கள். பிறகு பிற்பகல் இரண்டு மணிக்கு, முழுச் சுமையில், அரை மணி நேரம் ஓட்டுங்கள். அறையின் வெப்பம், பிராசசரின் வெப்பம், வோல்டேஜ் ஆகிய மூன்றையும் எழுதி அனுப்பினால், 4.7 உங்கள் வீட்டில் நிற்குமா என்று அடுத்த வாரம் கணக்குப் போட்டே சொல்லிவிடுகிறேன்.