ஆடிக் கறக்குற மாடும் லீவு நாள் காதல் நாவலும்
(கடலூர்ல ஒரு வாசகர் கூட்டத்துல பேசினது, பேசினபடியே எழுதியிருக்கேன்)

எல்லாருக்கும் மாலை வணக்கம். மேடையில இருக்குற தலைவர் அய்யா அவர்களுக்கும், எவ்வளவோ வேலைக்கு நடுவுல வந்து உக்காந்திருக்குற கவுன்சிலர் அம்மாவுக்கும், ஹாலை வாடகை வாங்காம குடுத்த தமிழாசிரியர் அய்யாவுக்கும், பாண்டியிலிருந்து பஸ்ல நின்னுகிட்டே வந்த நண்பர்களுக்கும், நோட்டீஸ் அடிச்ச அச்சக அண்ணனுக்கும், மைக் செட் தம்பிக்கும் வணக்கம். பொருளாளர் அவர்களுக்குத் தனியா ஒரு வணக்கம், காரணம் அவருக்குத் தெரியும். பொன்னாடை போத்தினாங்க, இந்தப் புழுக்கத்துல அத மடிச்சு வச்சதுக்குக் கோவிச்சுக்காதீங்க.

தலைப்ப பாத்துட்டு ஒரு பெரியவர் வாசல்லயே கேட்டாரு, புதுமைப்பித்தன் பொறந்த திருப்பாப்புலியூரு, ஜெயகாந்தன் பொறந்த மஞ்சக்குப்பம், இந்த ஊருல நின்னுகிட்டு சின்னப் பசங்க காதல் நாவலப் பத்தியா பேசப் போறன்னு. ஆமாங்கய்யா. ஆடிக் கறக்குற மாட்ட ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்குற மாட்ட பாடிக் கறக்கணும். மூணு விஷயம் சொல்லப் போறேன். இந்த நாவல் எப்படி இருக்கும், புள்ளைங்க ஏன் படிக்குதுங்க, தமிழ்ல இது ஏன் வரல.

இங்கிலீஷ்ல யங் அடல்ட் நாவல்னு சொல்றது பன்னெண்டுலேர்ந்து பதினெட்டு வயசுக்கானது. அதுல ஹாலிடே ரொமான்ஸ், அதாவது லீவு நாள் காதல் கதைன்னா, பெரும்பாலும் கிறிஸ்துமஸ் லீவுல நடக்கும். பனி கொட்டும், ஏர்போர்ட்ட மூடிடுவாங்க, ஆகவே ஆகாத ரெண்டு பேரு ஒரே கார்ல ஊருக்குப் போயாகணும். இல்லன்னா சொந்தக்காரங்க வாய அடைக்க ஒரு பொண்ணு யாரோ ஒருத்தனக் காதலன்னு கூட்டிட்டுப் போவா, அதுக்கு ஃபேக் டேட்டிங்னு பேரு, நடிப்பு நெஜமாயிடும். வாசப்படியில மிசில்டோன்னு ஒரு செடிக் கொத்தக் கட்டி வச்சிருப்பாங்க, அதுக்குக் கீழ ரெண்டு பேரு மாட்டிக்கிட்டா முத்தம் குடுக்கணும்னு அந்த ஊரு வழக்கம். (சிரிக்காதீங்க, கவுன்சிலர் அம்மா இருக்காங்க.) முடிவு சுபம்தான், அதுல மாத்தமே கிடையாது. பரீட்சை பயத்துலயே வளர்ற புள்ளைக்கு, கடைசியில எல்லாம் சரியாயிடும்னு முன்கூட்டியே தெரிஞ்ச ஒரு கதை வேண்டியிருக்கு. நான் இத மட்டமா நெனைக்கல.

எங்க சின்ன அத்தை கதைய சொன்னாதான் புரியும். அத்தை பொண்ணு லைப்ரரியிலேர்ந்து இப்படி ஒரு இங்கிலீஷ் நாவல் எடுத்தாந்து பிசிக்ஸ் கைடுக்குள்ள வச்சுப் படிச்சிருக்கா. அத்தை பிடிச்சுட்டாங்க. இங்கிலீஷ் நல்லா வரும்மான்னு அவ ஒரு போடு போட, அப்ப தமிழ்ல எனக்குச் சொல்லு பாப்போம்னு இவங்க. அத்தை நெத்திலி ஆய, அவ பக்கத்துல உக்காந்து கதை சொல்ல, தெனம் சாயந்தரம் இதே வேலை. "ஏன்டி, பனி கொட்டுனா போர்வையப் போத்திக்கிட்டு வர வேண்டியதுதான, எதுக்கு ஏர்போர்ட்ட மூடுறானுவ?"ன்னு நடுவுல அத்தை கேள்வி வேற. நாலாம் நாளு மாமாவும் டிவி சவுண்ட கொறைச்சுட்டு காதக் குடுத்துட்டாரு, எதிர் வீட்டு அக்கா முறுக்கோட வந்து உக்காந்துட்டாங்க. புது வருஷ ராத்திரி, மணி பன்னெண்டாகப் போவுது, பொண்ணு பனியில நிக்கிறா, பையன் வரானா இல்லையா... அங்க பாத்தா கடைசி அஞ்சாறு பக்கத்தக் காணோம், எவனோ கிழிச்சுட்டான்! அத்தை நெத்திலிக் கையோட எழுந்திரிச்சு, "இப்பவே போய் கேளுடி"ன்னாங்க. லைப்ரரி பூட்டு. ஞாயித்துக்கிழமை மாமாவ கூட்டிட்டுப் போனாங்க, அன்னிக்கும் பூட்டு. அப்புறம் தெறந்திருந்தப்ப போயி, வேற காப்பி இருக்கான்னு கேட்டா, உள்ள இருந்தவரு சொன்னாராம், இதெல்லாம் படிக்கிற வயசா உங்களுக்குன்னு. எந்த லைப்ரரின்னு சொல்ல மாட்டேன். அந்தப் பையன் வந்தானான்னு இன்னிக்கி வரைக்கும் அத்தைக்குத் தெரியாது, எங்க வீட்டுக்கு வந்தா மொத கேள்வியே அதான்.

விஷயத்துக்கு வரேன். சீர்காழியில பொறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், நூலகத்துக்குன்னு அஞ்சு விதி வகுத்து 1931ல புத்தகமாவே போட்டாரு. அதுல ரெண்டு, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். அத்தைக்கும் அந்த விதி உண்டுல்ல? 1948லயே நூலகச் சட்டம் போட்ட மாநிலம் நம்மது. வீட்டு வரியில ரூபாய்க்கு 10 பைசா நூலக வரின்னு சேத்துத்தான் கட்டுறோம். பாண்டியில ரோமன் ரோலந்து நூலகம் 1827லேர்ந்து இருக்கு, நம்ம பக்கம் ஒரு கிளை நூலகத்த ஞாயித்துக்கிழமை தெறங்கன்னு கேக்கக்கூடாதா? மே மாச லீவுல ராத்திரி எட்டு மணி வரைக்கும் தெறக்கணும். காதல் கதையோ பேய்க்கதையோ, வாசல்கிட்டயே இளசுங்களுக்குன்னு ஒரு ரேக் வைக்கணும். எடுக்குற புள்ளைய மொறைக்கக் கூடாது. ஆடிக் கறக்குற மாட்டுக்கிட்ட போயி போட்டித்தேர்வு கைடப் பாடினா பால் வருமா?

மூணாவது விஷயம், தமிழ்ல ஏன் வரலன்னு... பஸ் ஸ்டாண்டு கடையில தொங்குன மாத நாவல்ல காதல் கதைங்க பெரும்பாலும் கல்யாணமான அக்காங்களுக்கு எழுதுனதுதான், பதினாறு வயசுக்குன்னு எழுதுனது எனக்குத் தெரிஞ்சு ரொம்பக் கம்மி. சில்வர் பீச்சும் மாசி மகக் கூட்டமும் வச்சுக்கிட்டு ஒரு கதை வராதா என்ன? அதுக்குள்ள தலைவர் சீட்டு அனுப்பிட்டாரு, நேரமாச்சாம்.

நூலகத்துக்காக நான் கேட்டேன்ல, அதுக்கான கையெழுத்து நோட்டு வாசல்ல டீ கேன் பக்கத்துல இருக்கு. போன் நம்பர் வேணாம், பேரும் தெருவும் போதும். பேனா கட்டித்தான் வச்சிருக்கோம், யாரும் எடுத்துட்டுப் போயிடாதீங்க. நன்றி, வணக்கம்.