சாலை தெற்கே, தண்ணீர் கிழக்கே

வணக்கம் நேயர்களே.

சென்னையின் ஓஎம்ஆர் சாலை வளர்ந்த கதையைப் பேசுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் மாற்றியும் நம் வாயில் பழைய மகாபலிபுரம் சாலைதான், ஓஎம்ஆர்தான். அந்தச் சாலையோரப் பள்ளி ஒன்றில் புவியியல் ஆசிரியராக இருந்தவன் நான். அதனால் கட்டடங்களைவிட அவை நிற்கிற தரையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

முதலில் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997இல் தமிழ்நாடு அரசு தகவல் தொழில்நுட்பக் கொள்கையை வெளியிட்டது. அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து தரமணியில் ஒரு பெரிய கட்டடம் கட்டின. இரண்டு பெயரையும் சேர்த்து டைடல் பார்க் என்று வைத்தார்கள். 2000ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் தேதி பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். அப்போது கருணாநிதி முதலமைச்சர். ஐஐடியும் அண்ணா பல்கலைக்கழகமும் பக்கத்திலேயே இருந்தன. தெற்கே சிறுசேரியில் சிப்காட்டின் தகவல் தொழில்நுட்பப் பூங்கா வந்தது. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கிலோமீட்டருக்கு ஆறுவழிச் சாலை வந்தது. கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், சோழிங்கநல்லூர், நாவலூர் என்று கண்ணாடிக் கட்டடங்கள் வரிசை கட்டின. எத்தனையோ குடும்பங்களில் முதல் மாதச் சம்பளம் இந்தச் சாலையிலிருந்துதான் வந்தது. என் மாணவர்கள் வீட்டிலும் வந்தது. அந்தச் சந்தோஷத்தை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

சரி. இவ்வளவு இடம் நகரத்துக்கு இத்தனை பக்கத்தில் எப்படிக் காலியாகவும் மலிவாகவும் கிடைத்தது? நிலத்தில் பெரும்பகுதி தாழ்வு. மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற நிலம். ஊர்க்காரர்கள் மேட்டில் வீடு கட்டிக்கொண்டு பள்ளத்தை நெல்லுக்கும் மாட்டுக்கும் விட்டுவைத்தார்கள். மேட்டுக்குப்பம் என்று ஒரு நிறுத்தம் இருக்கிறதே, அந்தப் பெயரைக் கொஞ்சம் நின்று கேளுங்கள். மேட்டுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் சுற்றிலும் பள்ளம் இருந்திருக்கிறது.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். துரைப்பாக்கத்துக்கும் காரப்பாக்கத்துக்கும் நடுவில் ஒக்கியம் மடுவு என்று ஓர் இடம். பேருந்தில் போகிறவர்களுக்கு அங்கே பாலம் இருப்பதே தெரியாது. டைடல் பார்க் வருவதற்கு நான்கைந்து வருடம் முன்பு, ஒரு கார்த்திகை மாதம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. மேற்கே பள்ளிக்கரணைக் கழுவெளி, அதாவது சதுப்பு நிலம், கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர். கிழக்கே பக்கிங்காம் கால்வாய். ஆளுக்கு ஒரு துண்டு பனையோலை கொண்டுவரச் சொல்லியிருந்தேன். மேற்குப் பக்கம் ஓலையைப் போடுங்கள், அடியில் புகுந்து கிழக்குப் பக்கம் வருகிறதா பார்ப்போம் என்றேன்.

போட்டார்கள். எல்லாரும் கிழக்குப் பக்கம் ஓடிப்போய்க் குனிந்து நின்றார்கள். ஓலை வரவில்லை. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். ஒரு பையன் திரும்ப மேற்கே ஓடிப் பார்த்துவிட்டு, "சார், அங்கேயேதான் சார் நிக்குது" என்று கத்தினான். ஒரு பெண் குழந்தை மட்டும் மேற்குப் பக்கமே உட்கார்ந்து ஓலைக்கு நேரே ஒரு கல்லை அடையாளம் வைத்துப் பார்த்திருக்கிறாள். "நகருது சார். ரொம்ப மெதுவா நகருது" என்றாள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று, முதல் ஓலை கிழக்கே தலை காட்ட. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் சைக்கிளில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

நான் பாடத்தில் நடத்தியிருக்க முடியாததை அந்த ஓலை நடத்திக் காட்டியது. தென் சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டரில் பெய்கிற மழை பள்ளிக்கரணைக்குத்தான் வருகிறது. செம்பாக்கம் ஏரி நிரம்பினால் நன்மங்கலம், பிறகு கீழ்க்கட்டளை, பிறகு நாராயணபுரம், அப்புறம் கழுவெளி. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகச் சாலைக்கு அடியில் புகுந்து, பக்கிங்காம் கால்வாயைப் பிடித்துத் தெற்கே போய், முட்டுக்காட்டுப் பக்கம் கடலில் சேர வேண்டும். கடல் கிழக்கே கூப்பிடு தூரத்தில் இருந்தும் இவ்வளவு சுற்று. இத்தனை தூரத்துக்கும் தரையில் சரிவு என்று சொல்லும்படி ஒன்றுமே இல்லை. மலையிலிருந்து இறங்குகிற ஆற்றைக் குறுக்கினாலும் வேகமாக ஓடித் தப்பித்துக்கொள்ளும். இங்கே தண்ணீருக்கு வேகம் கிடையாது, அகலம்தான் உண்டு. பரந்து நின்று, மெல்ல மெல்ல நகர்ந்துதான் போக முடியும். திரும்பவும் சொல்கிறேன், சரிவு இல்லாத ஊரில் தண்ணீருக்கு அகலம்தான் வழி.

அந்த அகலத்தைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம். 1965 வாக்கில் 5,500 ஹெக்டேர் அளவுக்கு இருந்த கழுவெளியில் இன்று மிச்சம் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். குப்பைக் கிடங்கு, சாலைகள், வீடுகள், அலுவலகங்கள், எல்லாம் சேர்ந்து எடுத்தவை. ஒவ்வொருவரும் தன் மனையில் மண் கொட்டி நான்கடி உயர்த்திக் கட்டினார்கள். இது உங்கள் தெருவிலும் நடந்திருக்கும். ரோட்டை மேலே மேலே போட்டு, ஏறி உள்ளே போன வீட்டில் இன்று இறங்கிப் போகிறோம். பக்கத்து மனை உயர்ந்தால் பழைய வீடு குளமாகிறது. அதையே 20 கிலோமீட்டருக்குச் செய்தால் என்ன ஆகும் என்பதை 2015 டிசம்பரில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் பார்த்தோம்.

கல்லை வைத்து ஓலையைப் பார்த்த அந்தப் பெண் இப்போது இந்தச் சாலையில்தான் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். மிக்ஜாமின் மூன்றாம் நாள் தொலைபேசியில் கூப்பிட்டாள். கரண்ட் இல்லை, கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர், குடிக்கத் தண்ணீர் இல்லை, லாரி உள்ளே வர முடியவில்லை என்றாள். "சார், படிக்கட்டுல கோடு போட்டு வெச்சுப் பாக்கறேன். ஒரு நாளைக்கு ரெண்டு விரல்கடைகூட இறங்கலை" என்றாள். அப்போதும் அளந்துகொண்டுதான் இருந்தாள். 2019 கோடையில் இதே பகுதியில் தண்ணீர் இல்லாமல் சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னதையும் அவள் பார்த்தவள். மழையைத் தேக்கி நிலத்துக்குள் இறக்குகிற பள்ளத்தை மூடினால் வெள்ளம் கூடும், அடுத்த கோடையில் கிணறும் காயும். இது இரண்டு தனித்தனிப் பிரச்சினை இல்லை, ஒன்றுதான்.

நல்லது எதுவும் நடக்கவில்லையா என்றால், நடந்திருக்கிறது. 2007இல் கழுவெளியின் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் பள்ளிக்கரணைக்கு ராம்சர் தகுதி, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற தகுதி, கிடைத்தது. பறவைகள் இன்னும் வருகின்றன. இருப்பதைக் காக்க இவை உதவும். போன அகலத்தில் கொஞ்சமாவது மீட்க வேண்டுமென்றால், மடுவின் இரண்டு பக்கமும் இனி ஒரு லாரி மண்கூட விழக்கூடாது.

எனக்குக் கொடுத்த நேரம் முடியப்போகிறது. கண்ணகி நகரையும் செம்மஞ்சேரியையும் பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று வைத்திருந்தேன். நகரத்துக்குள் ஆற்றங்கரைகளில் இருந்தவர்களையும், சுனாமியில் வீடு இழந்தவர்களையும் கொண்டுவந்து குடியேற்றிய இடங்கள் அவை. இந்தக் கட்டடங்களைக் கூட்டித் துடைப்பவர்களும் காவல் நிற்பவர்களும் நிறையப் பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். மழை வந்தால் முதலில் முழங்கால் தண்ணீரில் நிற்பதும் அவர்கள்தான். வளர்ச்சிக் கணக்கில் அவர்கள் வர வேண்டும். இன்னொரு உரையே தேவைப்படும். மெட்ரோ ரயில் வேலையைப் பற்றியும் பேச முடியவில்லை.

அடுத்த முறை சோழிங்கநல்லூர் பக்கம் பேருந்தில் போனால் வலது கைப்பக்க ஜன்னலில் உட்காருங்கள். துரைப்பாக்கம் தாண்டியதும் பிள்ளைகளுக்கு மடுவைக் காட்டுங்கள். வணக்கம்.