கரைவலைப் பாடும் புறாமலையும்

அன்பான நேயர்களுக்கு வணக்கம். பல்கலைக்கழகத்தில் நான் படிப்பிப்பது இயற்கை வள ஆளுகை. காட்டையும் கடலையும் குளத்தையும் யார் பயன்படுத்தலாம், எவ்வளவு பயன்படுத்தலாம், அதை யார் தீர்மானிப்பது என்பதுதான் பாடம்.

1968இல் அமெரிக்கப் பேராசிரியர் காரெட் ஹார்டின் எழுதிய கட்டுரை இந்தத் துறையை நெடுங்காலம் ஆட்டிவைத்தது. பொது மேய்ச்சல் தரையில் ஆளாளுக்கு மாட்டைக் கூட்டிக்கொண்டே போவார்கள், கடைசியில் புல் மிஞ்சாது. ஆகவே அரசு எடுக்கவேண்டும், இல்லையேல் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கவேண்டும் என்றார். இதைப் படித்தபோது எனக்குத் திருகோணமலைக்குப் பக்கத்து நிலாவெளியின் கரைவலைதான், கரையில் நின்று பலர் சேர்ந்து இழுக்கும் அந்தப் பெரிய வலைதான், நினைவுக்கு வந்தது.

கேட்டுக்கொண்டிருக்கிற உங்களில் பலர் கரைவலை இழுத்தவர்கள். ஒருவரின் பாட்டில், அதாவது அவர் வலை விடும் கரைப்பகுதியில், வலை வளைத்து வரும்போது பக்கத்துச் சம்மாட்டி, அதாவது பக்கத்து வலைச் சொந்தக்காரர், குறுக்கே வலை விடுவாரா? விடமாட்டார். ஒரே பாட்டில் இரண்டு மூன்று வலை என்றால் முறை வைத்துத்தான் போடுவார்கள். முறை தப்பினால் ஊருக்குள் விசாரணை. மீன் பட்டால் வலைக்காரருக்கு ஒரு பங்கு, இழுத்தவர்களுக்கு ஒரு பங்கு. கரையோர மீன்வாடியில், அந்தக் கொட்டிலில் இருக்கிற பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், விடியவிடியச் சொல்வார்கள். கடல் பொதுதான், ஆனால் கேள்விமுறை இல்லாத கடல் அல்ல.

சுவிஸ் மலை மேய்ச்சல் தரைகளிலும் ஸ்பெயின் பாசன வாய்க்கால்களிலும் இதே மாதிரி ஒழுங்குகளை எடுத்துக் காட்டியவர் எலினோர் ஒஸ்ட்ரோம். 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். பயன்படுத்துகிறவர்களே விதி வகுத்தால் அது நிலைக்கும் என்பது அவர் கண்டது.

சரி, நிலாவெளிக்கு எதிரே கடலில் இருக்கிற புறாமலைத் தீவுக்கு வருவோம். 2003இல் தேசியப் பூங்காவானது. அங்கே தண்ணீர் ஆழமில்லை. நீந்திப் பார்க்கும்போது நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்யக் காலை ஊன்றினால் முருகைக்கல்லில், அதாவது பவளப்பாறையில்தான் ஊன்றுவோம். அது உயிருள்ளது. உருண்டையாக வளரும் வகைகள் வருடத்துக்கு ஒரு சென்ரிமீற்றர் அளவில்தான் பருக்கும். நுழைவுச்சீட்டுக் கொடுப்பது வனசீவராசிகள் திணைக்களம். கால் எங்கே படுகிறது என்று பார்ப்பவர் படகோட்டி. ஆகவே ஒரு நாளைக்கு எத்தனை பேர், எந்தப் பக்கம் இறங்குவது என்று தீர்மானிக்கும் மேசையில் படகோட்டி இருக்கவேண்டும். கரைவலையில் வலைக்காரர்களே முறை வகுத்ததுபோல, இங்கே படகோட்டி இருந்தே ஆகவேண்டும்.

நேரமாகிறது என்று கை காட்டுகிறார்கள். படகில் திமிங்கிலம் பார்க்கப் போவதைப் பற்றியும் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: படகு திமிங்கிலத்தின் முன்னால் போய் மறிக்கக்கூடாது, பின்னால் துரத்தக்கூடாது, பக்கவாட்டில், தூரத்தில், மெதுவாகப் போகவேண்டும். அடுத்த பருவம் தொடங்குமுன் படகுச் சங்கங்கள் கூடும்போது இதையும் எடுத்துப் பேசுங்கள். நன்றி, வணக்கம்.