எந்த இடத்தில், ஐயா?

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பிறர் எழுத்தைப் படித்துப் பயன்படும்படி கருத்துச் சொல்லும் திறம் பிறவியில் அமைவதா, பயிற்சியில் வருவதா என்ற இன்றைய கேள்விக்கு, பயிற்சியே என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், ரசனை உள்ளவன் கண்ணுக்குக் குறை தானாகவே தெரிந்துவிடும் என்றார். தெரியும், மறுக்கவில்லை. பாயசத்தில் அரிசி விறைத்திருப்பது பந்தியில் அமர்ந்த அத்தனை பேருக்கும் தெரியும். அரிசி குழைவதற்கு முன்பே வெல்லத்தைப் போட்டுவிட்டீர்கள் என்று சொல்ல, அடுப்படியில் நின்று பழகியவர்தாம் வேண்டும்.

இதை அறிந்துதான் பவணந்தி முனிவர், தம் இலக்கண நூலான நன்னூலின் பாயிரத்திலேயே, அதாவது முன்னுரையிலேயே, நூலுக்கு ஆகாத குற்றங்கள் 10 என்று பெயரிட்டு வகுத்து, அவற்றோடு அழகுகள் பத்தையும் சேர்த்து வைத்தார். வேண்டியதைக் குறைத்துச் சொன்னால் குன்றக் கூறல், சொல்ல வந்ததை விட்டு வேறொன்றை விரித்தால் மற்றொன்று விரித்தல், போகப் போக நடை தேய்ந்து முடிந்தால் சென்று தேய்ந்து இறுதல் என்று ஒவ்வொரு பெயரும், எங்கே கை வைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. 'நன்றாக இல்லை' என்பது அந்தப் பத்தில் இல்லை, நடுவர் அவர்களே!

நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் தாத்தாவின் சைக்கிள் கடையைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான். சிவப்பு மையில் 'சுவையில்லை' என்று எழுதிக் கொடுத்தேன். 'எந்த இடத்தில், ஐயா?' என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. நோட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய், பென்சிலும் கையுமாக, என் கவனம் நழுவிய இடத்திலெல்லாம் ஓரத்தில் புள்ளி வைத்துக்கொண்டே இருமுறை படித்தேன். மறுநாள் அவனிடம், 'தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைத் தாத்தா விரலால் அழுத்திப் பிடிக்கிற வரியில் நானும் அந்தக் கடையில் நின்றேன். அடுத்த பத்தியில் சைக்கிள் தோன்றிய வரலாறு வந்ததும் தாத்தாவைத் தவறவிட்டுவிட்டேன்' என்றேன். பையன் அங்கேயே அந்தப் பத்தியை அடித்தான். நன்னூலார் 'மற்றொன்று விரித்தல்' என்றது இதைத்தான் என்பது எனக்கும் அன்றைக்குத்தான் விளங்கியது.

ரசனை எனக்கு முதல் நாளும் இருந்தது. மறுநாளும் அதே ரசனைதான். இடைப்பட்ட அந்த ஓர் இரவில் நான் மறுபிறவி எடுத்துவிட்டேனா என்பதை எதிரணியினர்தாம் சொல்ல வேண்டும்.