திபிலிசியில் சைவம் கிடைக்காது என்று யார் சொன்னது?

வணக்கம். கோட்டையைச் சுற்றிக் காட்டும் வீடியோ இன்று வரும் என்று சொல்லியிருந்தேன். அது நாளைக்கு. காலையில் நடந்ததைச் சொல்லி முடிக்காமல் எனக்கு வேறு எதிலும் மனம் போகாது.

ஜார்ஜியா நாட்டின் தலைநகர் இந்தத் திபிலிசி. நான் தங்கியிருக்கும் விடுதியில் நம் பக்கத்துச் சுற்றுலாக் குழு ஒன்றும் தங்கியிருக்கிறது. ஜார்ஜியாவுக்கு வந்து நான்கு நாட்கள் ஆகின்றன. நான்கு நாளும் மதியமும் இரவும் பஸ்ஸில் ஏற்றி ஒரே இந்திய உணவகத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். ரொட்டி, பருப்பு, பனீர். மறுநாளும் ரொட்டி, பருப்பு, பனீர். காரைக்குடிப் பக்கத்து ஆச்சி ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏம்மா, இந்த ஊர் ஆட்கள் காய்கறியே சாப்பிட மாட்டார்களா?" வழிகாட்டி அப்படித்தான் சொல்லியிருக்கிறாராம். மாமிசமும் பாலாடைக்கட்டியும் தவிர இங்கே ஒன்றும் கிடையாதாம்.

எனக்கு வந்த கோபத்தில் காப்பி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை நான் கறி தொடமாட்டேன் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த ஊர்க்காரர்களுக்கும் வெள்ளிக்கிழமை அப்படித்தான்! ஜார்ஜிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில் புதனும் வெள்ளியும் நோன்பு நாட்கள். ஈஸ்டருக்கு முன்னால் பல வாரத் தவக்காலம், கிறிஸ்துமஸுக்கு முன்னாலும் நோன்பு. அந்த நாட்களில் கறி, பால், முட்டை எதுவும் கூடாது. இத்தனை நாட்கள் நோன்பு இருக்கும் ஒரு மக்கள் கூட்டம் நோன்புக்கென்று நல்ல சமையலைக் கண்டுபிடிக்காமலா இருந்திருக்கும்? "சமர்க்வோ" என்று கேளுங்கள். நோன்புச் சாப்பாடு என்று பொருள். இங்கே மருத்துவம் படிக்கும் என் அக்கா மகள் முதல் நாளே சொல்லிக்கொடுத்த சொல் இது. இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊர் முழுக்கச் சாப்பிடலாம்.

ஆச்சியைக் கையோடு அழைத்துக்கொண்டு மதியம் பக்கத்துத் தெருவில் ஒரு சிறிய கடைக்குப் போனேன். முதலில் லோபியோ. சிவப்பு பீன்ஸைக் குழைய வேகவைத்து, பாதியை மசித்து, வெங்காயம், பூண்டு, கொத்தமல்லித்தழை சேர்த்து மண்சட்டியிலேயே கொண்டுவந்து வைப்பார்கள். மூடியைத் திறந்ததும் ஆச்சி குனிந்து மோந்து பார்த்து, "இதில் வெந்தயம் இருக்கிறது" என்றார். இருக்கிறது! நம் வெந்தயம் இல்லை, அதன் உறவு. நீலப்பூ பூக்கும் செடி, இங்கே உட்சோ சுனேலி என்கிறார்கள். நான் அந்தப் பெயரைத் தெரிந்துகொள்ளச் சந்தையில் ஒரு முழுக் காலை அலைந்தேன், ஆச்சி மூக்கை வைத்தே சொல்லிவிட்டார்.

லோபியோவுக்குத் துணை மச்சாதி. மக்காச்சோள மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கையால் தட்டி, தோசைக்கல் போன்ற சட்டியில் சுட்டெடுப்பது. வெளியே மொறுமொறு, உள்ளே கனமாக இருக்கும். தனியாகச் சாப்பிட்டால் தொண்டையை அடைக்கும், அதனால் லோபியோவில் முக்கித்தான் சாப்பிட வேண்டும். கோதுமை ரொட்டியோடு லோபியோ சாப்பிடுவதை நான் ஏற்றுக்கொள்ளவே மாட்டேன்.

அடுத்து பத்ரிஜானி. கத்தரிக்காயை நீளநீளமாகச் சீவி எண்ணெயில் வாட்டி, உள்ளே வால்நட் விழுதைத் தடவிச் சுருட்டி, மேலே மாதுளை முத்துக்களைத் தூவுகிறார்கள். பிறகு ப்காலி: பசலைக்கீரையையோ பீட்ரூட்டையோ வேகவைத்து, பிழிந்து, பொடியாக அரிந்து, அதே வால்நட், பூண்டு, கொத்தமல்லி, கொஞ்சம் வினிகர் சேர்த்து உருண்டை பிடிப்பது. நமக்குத் தேங்காய் எப்படியோ, இவர்களுக்கு வால்நட் அப்படி. துவையலும் அதில்தான், குழம்பைக் கெட்டியாக்குவதும் அதில்தான். இது புரிந்த பிறகுதான் இந்தச் சமையல் எனக்குச் சொந்தச் சமையல்போல ஆனது.

இப்போது கின்காலிக்கு வருகிறேன். கறியோ காளானோ உருளைக்கிழங்கோ மாவுக்குள் வைத்து மூடி வேகவைப்பது, நம் கொழுக்கட்டை போல. இதில் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது.

கின்காலியை எண்ணிக்கையில்தான் கேட்க வேண்டும். சரி. ஆனால் ஒரு வகையில் குறைந்தது ஐந்து வாங்க வேண்டுமாம்! நாங்கள் இரண்டு பேர். காளானில் மூன்று, உருளைக்கிழங்கில் மூன்று கேட்டேன். முடியாது என்றார் பரிமாறும் பெண். நான்கு, நான்கு? முடியாது. பல கடைகளில் இதுதான் விதி. காளான் ஒன்று 1.80 லாரி, உருளைக்கிழங்கு ஒன்று 1.60 லாரி. லாரி இந்த நாட்டுப் பணம், ஒரு லாரி நம் பணத்தில் 30 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். ஐந்தும் ஐந்தும் சேர்ந்து 17 லாரி. காசு பெரிதில்லை. தனியாகப் பயணம் போகும் ஒருவர் ஒரு வேளைக்கு ஒரே ஒரு வகையைத்தான் ருசிக்க முடியும் என்பது என்ன நியாயம்? நேற்றும் இதே கதை, முந்தாநாளும் இதே கதை. பத்தும் வந்தது. எட்டு சாப்பிட்டோம். மீதி இரண்டையும் கட்டிக் கொடுக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் வெண்ணெயில் வறுத்தால் புதிதைவிட நன்றாக இருக்கும் என்று அந்தப் பெண்ணே சொன்னார். அதில் என் கோபம் பாதி தணிந்தது.

நேற்றைய வெற்றியைச் சொல்ல மறந்துவிட்டேன்! முதல் நாள் வீடியோவில் நான் கின்காலியை முள்கரண்டியால் வெட்டி, சாறு முழுவதும் தட்டில் ஓடியதைப் பார்த்திருப்பீர்கள். நேற்று ஆட்டுக்கறி கின்காலி ஐந்து, ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. கொத்துக்கறியில் தண்ணீர் சேர்த்துப் பிசைந்து மாவுக்குள் வைத்து முடிவதால், வேகும்போது உள்ளேயே சாறு கட்டிக்கொள்கிறது. மேலே மாவைச் சேர்த்து முறுக்கிய முனையை இவர்கள் "குடி" என்கிறார்கள். நான் குடுமி என்றே வைத்துக்கொண்டேன். குடுமியைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, ஓரத்தில் சிறிதாகக் கடித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். பிறகுதான் மற்றது. குடுமியைச் சாப்பிடக் கூடாது, தட்டிலேயே வைத்துவிட வேண்டும். யார் எத்தனை சாப்பிட்டார்கள் என்று குடுமியை எண்ணிச் சொல்வார்கள். மேலே கருமிளகுத்தூள் மட்டும் போதும், சாஸ் கேட்டுவிடாதீர்கள். இன்னொன்று, சாதாரணமாகக் கறி கின்காலி என்றால் மாட்டுக்கறியும் பன்றிக்கறியும் கலந்ததுதான். வேண்டாதவர்கள் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அச்சாருலி கச்சாபுரி ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். படகு வடிவ ரொட்டி, நடுவில் உருகிய பாலாடைக்கட்டி, முட்டை, வெண்ணெய். கருங்கடல் ஓரத்து அச்சாரா பகுதியுடையது. எல்லோரும் அதைத்தான் படம் எடுக்கிறார்கள். எனக்குப் பாதிக்கு மேல் இறங்கவில்லை. இமெரெத்திப் பகுதியின் வட்டக் கச்சாபுரிதான் எனக்குப் பிடித்தது, பாலாடைக்கட்டியை உள்ளே வைத்து மூடிச் சுடுவது. அதைச் செய்ய வீட்டில் என்ன செலவாகும் என்று மாவு, பாலாடைக்கட்டி, முட்டை விலையை வைத்துக் கணக்கிட்டு, திபிலிசியில் ஒரு பொருளாதார ஆய்வு நிறுவனம் "கச்சாபுரி குறியீடு" என்றே வெளியிடுகிறது. நான் விலை எழுதும் நோட்டைக் கேலி செய்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

நோன்புக்காரர்களுக்குக் கச்சாபுரிக்குப் பதில் லோபியானி. பீன்ஸ் மசியலைப் பூரணமாக வைத்த ரொட்டி, உப்புப் போளி என்று நினைத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் 17, புனித பார்பரா நாளன்று வீடுகளில் இதைச் சுடுவார்கள். ஆனால் ராச்சா பகுதி லோபியானியில் பன்றித் தொடைக்கறி சேர்ப்பார்கள். பெயரில் "ராச்சுலி" என்று இருந்தால் சைவர்கள் தள்ளி நில்லுங்கள்.

பில்லைச் சொல்லவில்லையே. நோட்டில் இருக்கிறது: லோபியோ 9, மச்சாதி இரண்டு 4, பத்ரிஜானி 14, ப்காலி 12, கின்காலி 17, ஜோன்ஜோலி 8. மொத்தம் 64 லாரி. அதன்மேல் சேவைக் கட்டணம் 15 சதவீதம், 9.60. ஆக 73.60. பட்டியல் அட்டையின் அடியில் பொடி எழுத்தில் அந்தக் கட்டணத்தைப் போட்டிருந்தார்கள். உட்காரும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

ஜோன்ஜோலி என்ன என்று சொல்லவில்லை, பாருங்கள்! ஒரு காட்டு மரத்தின் பூமொட்டுகளை உப்பில் ஊறவைப்பது. வெங்காயமும் எண்ணெயும் விட்டுத் தருகிறார்கள். லோபியோ ஒரு வாய், ஜோன்ஜோலி ஒரு வாய். ஆச்சி அதைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார், நான் இரண்டு வாய்தான் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்து, ரயில் நிலையத்தை ஒட்டிய டெசர்ட்டர் சந்தைக்கு நடந்தோம். 1920களின் தொடக்கத்தில் படையைவிட்டு ஓடிவந்த சிப்பாய்கள் ஆயுதங்களை விற்ற இடம், அதனால் அந்தப் பெயர். மெழுகுவர்த்தி போலத் தொங்கும் சுர்ச்கேலா வாங்கினோம். வால்நட்டை நூலில் கோத்து, மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் திரும்பத் திரும்ப முக்கிக் காயவிடுவது. பதநீரில் கிண்டிய கூழின் ருசி. சர்க்கரை சேர்ப்பதில்லை. ஜவ்வாக வளைவதை வாங்குங்கள், விறைத்து நிற்பது பழசு.

குழுவின் பஸ் ஏழு மணிக்கு அதே இந்திய உணவகத்துக்குக் கிளம்புகிறது. ஆச்சி வரமாட்டேன் என்று வழிகாட்டியிடம் சொல்லிவிட்டார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேரும் சொல்லிவிட்டார்களாம். இப்போது நாங்கள் ஐந்து பேர். காளானில் ஐந்து, உருளைக்கிழங்கில் ஐந்து என்று தயங்காமல் கேட்கலாம், ஆளுக்கு ஒவ்வொன்று வரும். நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.