கடல் எங்கே நின்றது என்று கேளுங்கள்

(பினாங்குக்குக் கிளம்பும் குழுவினருக்காகக் காரைக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், எப்போது முடிப்பார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் பின்வரிசைத் தம்பிகளுக்கும் வணக்கம்.

பினாங்கு நமக்குப் புது ஊர் இல்லை. நம் நகரத்தார் ஐயாக்கள் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை வைத்துத் தொழில் செய்யப் போன ஊர். பெயரைக் கேட்டே வளர்ந்திருக்கிறோம். அதனாலேயே ஒரு சங்கடம் உண்டு. தெரிந்த ஊர்தானே என்று வேனில் ஏறி, நாலு இடத்தில் இறங்கி, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் வேனுக்குள்ளிருந்து பார்க்கிற ஊர் இல்லை. யுனெஸ்கோ 2008-ல் மலாக்காவோடு சேர்த்து உலக மரபிடமாக அறிவித்தபோது, ஜார்ஜ் டவுனில் முக்கியப் பகுதி என்று குறித்தது சுமார் 109 ஹெக்டேர்தான். நம் கணக்கில் 270 ஏக்கர். காலாற நடக்கிற அளவு. வழிகாட்டி ஒருவரோடு மூன்று மணி நேரம் நடந்தால் ஊர் பிடிபட்டுவிடும்.

வழிகாட்டி வந்து நின்றதும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி ஒன்றுதான்: "அந்தக் காலத்தில் கடல் எங்கே நின்றது?" இதற்குக் கையை நீட்டி ஒரு தெருவைக் காட்டுகிறவர் நல்ல வழிகாட்டி. அங்கே பேர்போன சுவர் ஓவியத்தைக் காட்டுகிறவரோடும் நடக்கலாம், ஆனால் துறைமுகம் பார்த்ததாகாது.

காரணம் சொல்கிறேன். 1786 ஆகஸ்ட் 11-ம் தேதி பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக அந்தத் தீவை எடுத்துக்கொண்டார். முதலில் போட்டவை நான்கு தெருக்கள். லைட் தெரு, பீச் தெரு, சூலியா தெரு, பிட் தெரு. இதில் சூலியா தெருவுக்கு ஆரம்பப் பெயர் மலபார் தெரு. சோழமண்டலக் கரையிலிருந்து போன நம் முஸ்லிம் வணிகர்களைத்தான் சூலியா என்றார்கள். பீச் தெரு பெயருக்கேற்றபடி கடற்கரையை ஒட்டியே ஓடியது. கடைகளின் பின்வாசலில் சரக்கு இறங்கியது. இன்று போய் நின்றால் அங்கே கடலைக் காணோம். வங்கிக் கட்டடங்கள்தான் வரிசையாக இருக்கின்றன. 1880-களில் கடலைத் தூர்த்து, அந்தப் பக்கம் வெல்ட் கீ என்ற புதுக் கரையைக் கட்டினார்கள். கடல் ஒரு தெரு தூரம் தள்ளிப் போய்விட்டது.

தூர்த்த நிலத்தைக் கண்டுபிடிக்க வரைபடமெல்லாம் வேண்டாம், தெருப்பலகை போதும். அங்கே எல்லாப் பெயரும் மலாயில் இருக்கும். லெபோ என்றால் தெரு, ஜாலான் என்றால் சாலை, லோரோங் என்றால் சந்து. லெபோ பந்தாய் என்பதுதான் பழைய பீச் தெரு. அதைத் தாண்டிக் கடல் பக்கம் போகும்போது அதே தெருவின் பெயருக்கு முன்னால் 'காட்' என்று ஒரு சொல் ஒட்டிக்கொள்ளும். காட் லெபோ சூலியா, காட் லெபோ பாசார், காட் லெபோ ஆர்மினியன். நம் வடநாட்டுப் படித்துறையைச் சொல்கிற அதே 'காட்'தான் கப்பலேறிப் போயிருக்கிறது. அந்தச் சொல் பலகையில் வந்துவிட்டால் உங்கள் காலுக்குக் கீழே ஒரு காலத்தில் தண்ணீர்.

இனி நடையைப் பற்றி. மலேசியக் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே காலை எட்டு என்றால் இங்கே ஐந்தரை. உடம்பு தூங்கச் சொல்லும், கேட்காதீர்கள். எட்டு மணிக்கே கிளம்பிவிட வேண்டும். பத்தரைக்கு மேல் வெயில் நம் சித்திரையைப் போலக் காயாது, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். களைப்பு அதனால் வருவது, நடையால் அல்ல. ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

விக்டோரியா நினைவு மணிக்கூண்டில் கூடுங்கள். ராணி ஆட்சிக்கு வந்து 60 ஆண்டானதற்காக 60 அடி உயரத்தில் கட்டியது. பக்கத்திலேயே சுவெட்டன்ஹாம் துறை. சொகுசுக் கப்பல் வந்து நிற்கும் நாளென்றால் காலையில் நூற்றுக்கணக்கான பேர் அதே வழியில் இறங்குவார்கள். கப்பல் வரும் நாளைத் தங்குமிடத்தில் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு, அந்த நாளைத் தவிர்ப்பது நல்லது. கார்ன்வாலிஸ் கோட்டை அங்கேதான். வெளியிலிருந்து ஒரு பார்வை போதும், நேரத்தை அதில் கரைக்க வேண்டாம்.

அங்கிருந்து பீச் தெரு வழியே தெற்கே வந்து, பினாங்கு தெருவுக்கும் கடைத்தெருவுக்கும் திரும்பி, குயின் தெரு மாரியம்மன் கோயில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், ஆர்மினியன் தெரு, கூ கோங்சி என்ற சீன மண்டபம், கடைசியாகக் காட் வழியாகப் படகுத்துறைக் குடியிருப்பு. மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கும். கரையில் தொடங்கி, ஊருக்குள் புகுந்து, தூர்த்த நிலத்தைக் கடந்து மறுபடி தண்ணீருக்கு வந்து சேர்கிறோம். பல குழுக்களில் இதைத் தலைகீழாக்கி ஓவியத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். அப்போது ஊர் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கிறது என்பது கடைசி வரை புரியாது.

ஒரு குழுவில் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம். இது வழிகாட்டியின் தொண்டையைப் பற்றிய விஷயம் மட்டுமில்லை. அங்குள்ள கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடை ஒன்று வீடு வீடாகத் தொடர்ந்து போகும். அகலம் ஐந்தடி என்பதால் மலாயில் காக்கி லீமா, ஐந்தடி நடை என்கிறார்கள். மழைக்கும் வெயிலுக்கும் அதைப் போல் ஒதுக்குப்புறம் கிடையாது. ஆனால் இரண்டு பேர்தான் இணையாக நடக்கலாம். இருபது பேர் போனால் முன்னவர் கோயிலிலும் பின்னவர் வளையல் கடையிலும் இருப்பார்கள். நாற்பது பேர் போகிற நம் குழு நாலாகப் பிரிந்து, இருபது நிமிட இடைவெளியில் கிளம்பட்டும். ஒவ்வொரு குழுவுக்கும் கடைசி ஆளாக வர ஒருவரை முன்னமே பெயர் சொல்லி நியமியுங்கள். அவர் படம் எடுக்கக் கூடாது, அதுதான் அவருக்குச் சம்பளமில்லாத வேலை.

ஐந்தடி நடையில் காலைப் பார்த்து நடக்க வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் தரையைத் தன் இஷ்டத்துக்குப் போட்டிருப்பார். ஒரு வீட்டுத் தரை அரையடி ஏறும், அடுத்தது இறங்கும். மேலே பூவேலையைப் பார்த்துக்கொண்டே வருகிறவர்கள் அங்கேதான் தடுக்குவார்கள். சில இடங்களில் மோட்டார் சைக்கிளும் கடைச் சாமானும் நடையை அடைத்துக்கொண்டிருக்கும். சாலையில் இறங்கித்தான் போக வேண்டும். இறங்கும் இடத்தில் ஆழமான சாக்கடை உண்டு, எல்லா இடத்திலும் மூடியிருக்காது. பல தெருக்கள் ஒருவழிப் பாதை என்பதால், நாம் பழக்கத்தில் பார்க்கிற பக்கத்திலிருந்து வண்டி வராது. இரண்டு பக்கமும் பாருங்கள்.

அந்தக் கடைவீடு ஒன்றுக்குள் போக வாய்த்தால் விடாதீர்கள். முகப்பு இருபதடி இருந்தால் ஆழம் அதைப் போல மூன்று நாலு மடங்கு. உள்ளே போகப் போக இருட்டும் என்று நினைக்கிற நேரத்தில் வானம் திறக்கும். நடுவில் முற்றம். மழைநீர் அதில் விழுந்து வடிகால் வழியாக ஓடும், காற்று அதன் வழியே ஏறி இறங்கும். கானாடுகாத்தான் வீடுகளின் வளவில், அந்த உள்முற்றத்தில், நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம்முடையது தெருவிலிருந்து தெருவரை அகலமாக நீள்கிறது. அங்கே நிலத்துக்கு விலை அதிகம், ஒடுங்கி நீள்கிறது. சுவரிலும் தரையிலும் இருக்கிற பூ ஓடுகளைக் கவனியுங்கள். மெருகேற்றிய பீங்கான் ஓடுகள் இங்கிலாந்திலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. நம் வீட்டுச் சுவர்களிலும் அந்த ரகம் உண்டு. ஆத்தங்குடிக் கல் வேறு, அது கண்ணாடியின் மேல் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்வது. இரண்டையும் ஒன்றென்று யாராவது சொன்னால் திருத்துங்கள்.

பினாங்கு தெருவில் மெதுவாகப் போகச் சொல்லி வழிகாட்டியைக் கேளுங்கள். அங்கேதான் நம்மவர் தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. வெளியிலிருந்து பார்த்தால் மற்றக் கடைவீடு போலத்தான், அதனால் பெரும்பாலும் நிற்காமல் கடந்துவிடுவார்கள். உள்ளே நீளமான ஒரே கூடம். நாற்காலி மேசை கிடையாது. தரையில் பாய், முன்னால் சாய்ந்த மூடியோடு கணக்கெழுதும் கைப்பெட்டி, பின்னால் இரும்புப் பெட்டி அல்லது அலமாரி. அந்தச் சில அடி இடம்தான் ஒரு விலாசத்தின், அதாவது ஒரு நிறுவனத்தின், முழுக் கடை. பக்கத்து இடம் இன்னொரு விலாசம். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லாரும் பகலில் அங்கேதான் வரவு செலவு, இரவில் அங்கேயோ மாடியிலோதான் படுக்கை. மூன்று வருடக் கணக்கு முடிந்தால் ஊர். இங்கே எண்பது தூண் வைத்துக் கட்டியவர்கள் அங்கே ஒரு பாயில் இருந்தார்கள் என்பது அந்தத் தெருவில் நிற்கும்போதுதான் உறைக்கும்.

அதே தெருவில் கோயில் வீடு. தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் அங்கிருந்துதான் கிளம்பி, தண்ணீர்மலைப் பக்கம் உள்ள 1857-ம் ஆண்டு நகரத்தார் கோயிலுக்குப் போகும். ரதம் 1894-ல் இங்கிருந்து போனது. வழியெல்லாம் தேங்காய் உடைப்பார்கள், சீனர்களும் உடைப்பார்கள். தை மாதம் போகிறவர்கள் அன்று நடைச் சுற்றுலா வைக்க வேண்டாம். தெருக்கள் அடைபட்டிருக்கும், தேங்காய் ஓடு காலில் குத்தும்.

பிட் தெருவுக்கு இப்போது ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் என்று பெயர். 1818-ம் ஆண்டு செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோயில், 1833-ம் ஆண்டு மாரியம்மன் கோயில், 1801-ல் காதர் முகைதீன் தொடங்கிய பள்ளிவாசல், நாலும் அரை கிலோமீட்டருக்குள். இங்கே ஒரு பிசகு நடக்கும். மாரியம்மன் கோயிலின் முதுகுதான் இந்தத் தெருவில் இருக்கிறது. கோபுரமும் வாசலும் குயின் தெருப் பக்கம். அவசரக்கார வழிகாட்டி முதுகைக் காட்டி நகர்ந்துவிடுவார். சுற்றிப் போக இரண்டு நிமிடம்தான். நம்மூர் போலவே நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், பதினோரு மணிக்குள் போய்விடுங்கள். பள்ளிவாசலில் தொழுகை நேரத்தில் வெளியார் உள்ளே போக முடியாது. வெள்ளிக்கிழமை மதியம் அந்தப் பக்கமே வேண்டாம். கை, கால் மூடிய உடை போதும். வார் வைத்துக் கட்டும் செருப்பு வேண்டாம், மூன்று மணி நேரத்தில் நாலைந்து முறை கழற்ற வேண்டியிருக்கும். இன்னொன்று, 'கெலிங்' என்ற சொல் பள்ளிவாசலின் பெயரில் மட்டும் இருக்கட்டும். அங்கே இந்தியர்களைக் குத்திச் சொல்கிற வார்த்தையாகிவிட்டது. பேச்சில் எடுக்காதீர்கள்.

கூ கோங்சி 1901 தீயில் எரிந்து 1906-ல் மறுபடி எழுந்த சீனக் குலத்து மண்டபம். நுழைவுக் கட்டணம் உண்டு, சில்லறை ரிங்கிட் வைத்துக்கொள்ளுங்கள். கட்டணங்கள் நடைக்கூலியில் அடக்கமா இல்லையா என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும், பெரும்பாலான மனக்கசப்பு அங்கேதான் முளைக்கிறது. உரிமம் பெற்ற வழிகாட்டி அட்டையைக் கழுத்தில் போட்டிருப்பார். தமிழில் சொல்ல ஆள் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேளுங்கள், கடைசி நிமிடத்தில் அமையாது.

ஒரு இடத்தில் எட்டு நிமிடத்துக்கு மேல் நிற்க விடாதீர்கள். நடப்பதைவிட நிற்பதுதான் முழங்காலைப் படுத்தும். ஆச்சிமார்கள் இதை வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

கடைசி நிறுத்தம் படகுத்துறைக் குடியிருப்பு. கடலுக்குள் கட்டைக் கால் ஊன்றி, பலகை பாவி, சியூ, லிம், டான் என்று குலத்துக்கு ஒரு துறையாகச் சீனர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். அவை குடியிருக்கும் வீடுகள். திறந்த கதவுக்குள் கேமராவை நீட்டக் கூடாது, பலகை மேல் ஓடக் கூடாது, சத்தம் அப்படியே வீட்டுக்குள் இறங்கும். கடல் வற்றும் நேரத்தில் கீழே சேறும் வாடையும்தான். ஏற்ற நேரத்தை விசாரித்துப் போனால் தண்ணீர் பலகைக்குக் கீழே தளதளவென்று நிற்கும். அந்தி வெயிலில் சூரியன் கடலில் இறங்கும் என்று மாலையில் காத்திருக்க வேண்டாம், அந்தக் கரை கிழக்கு பார்த்தது. அங்கே உதயம்தான் கடலில்.

பசியோடு முடிப்பீர்கள். நாசி கண்டார் சாப்பிடலாம். ராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து போன தமிழ் முஸ்லிம்கள் காவடி போல் தோளில் கம்பு வைத்து, ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்பும் தூக்கி விற்றது. சைவக்காரர்கள் கடைத்தெருப் பக்கம் திரும்பிவிடுங்கள், இட்லி கிடைக்கும்.

கால் இன்னும் தாங்கினால் வெல்ட் கீயிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் பெர்ரி ஏறுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம். போகும்போது பின்பக்கம் பார்த்து உட்காருங்கள். மணிக்கூண்டும் கரையோரக் கட்டடங்களும் ஒரே வரிசையில் தெரியும். முன்னால் நிற்கிற கட்டட வரிசையை மனசுக்குள் எடுத்துவிட்டு, பீச் தெரு வரை தண்ணீரைக் கொண்டுபோய்ப் பாருங்கள்.