தூக்குநூலும் எண்ணெயும்

கர்த்தருக்குள் அன்பான சபையாரே,

"பலத்தினாலும் அல்ல, பராக்கிரமத்தினாலும் அல்ல, என்னுடைய ஆவியினாலேயே ஆகும்" என்ற சகரியா 4:6 நம்மில் பலருடைய வீட்டுச் சுவரில் காலண்டராகத் தொங்குகிறது. வருடப்பிறப்பு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டையாகக் கைக்கு வந்து, பிறகு வேதாகமத்துக்குள் பக்க அடையாளமாகக் கிடக்கிறது. இவ்வளவு பழகிய வசனம் யாருக்கு, எந்த நாளில், எந்த வேலையின் நடுவில் சொல்லப்பட்டது என்று நாம் கேட்பதுதான் அபூர்வம்.

பாபிலோன் சிறையிருப்பிலிருந்து, யூதாவின் அதிபதி செருபாபேலோடு எருசலேமுக்குத் திரும்பி வந்த சபையார் 42,360 பேர் என்று எஸ்றா கணக்குச் சொல்லுகிறார். திருப்பணிக்கென்று அவர்கள் கொடுத்தது 61,000 தங்கக்காசு. கி.மு. 536 அளவில் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டார்கள். முந்தின ஆலயத்தைக் கண்ணால் கண்டிருந்த முதியவர்கள் வாய்விட்டு அழ, மற்றவர்கள் மகிழ்ச்சியில் ஆர்ப்பரிக்க, எது அழுகை, எது ஆர்ப்பரிப்பு என்று பிரித்தறிய முடியாமல் சத்தம் வெகுதூரம் கேட்டதாம். அதன்பிறகு அக்கம்பக்கத்து ஜனங்கள் பயமுறுத்தினார்கள். ஆலோசனைக்காரருக்குக் கைக்கூலி கொடுத்து வேலையைக் கெடுத்தார்கள். ஆள் இருந்தும், பணம் இருந்தும், பாரசீக ராஜா கோரேசின் அனுமதி இருந்தும் ஏறக்குறைய 16 ஆண்டுகள் அந்த அஸ்திபாரம் அப்படியே கிடந்தது. அதற்குள் ஜனங்கள் தங்கள் வீடுகளை மச்சுப் பாவி முடித்துவிட்டார்கள் என்பதை ஆகாய் தீர்க்கதரிசி சற்றுக் கடுமையாகவே சொல்லிக்காட்டுகிறார்.

இனித் தேதிகளைப் பாருங்கள். பின்னால் வந்த பாரசீக ராஜா தரியுவின் 2-ஆம் ஆண்டு, அதாவது கி.மு. 520, 6-ஆம் மாதம் 24-ஆம் தேதி வேலை மறுபடியும் தொடங்கியது என்று ஆகாயின் புத்தகம் குறித்துவைத்திருக்கிறது. சகரியா தம் தரிசனங்களைக் கண்டது அதே ஆண்டு 11-ஆம் மாதம் 24-ஆம் தேதி. சரியாக ஐந்து மாதம். அப்படியானால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு இந்த வார்த்தை வரவில்லை. ஐந்து மாதமாகக் கல்லோடும் மரத்தோடும் போராடிக்கொண்டிருந்த செருபாபேலுக்கு வந்தது. மூன்றே வசனம் தள்ளி, "செருபாபேலின் கைகள் இந்த ஆலயத்துக்கு அஸ்திபாரம்போட்டது, அவன் கைகளே இதை முடித்துத் தீர்க்கும்" என்று கர்த்தர் சொல்லுகிறார். ஆவியினாலே ஆகும் என்றவர் அவன் கைகளை ஒதுக்கிவைக்கவில்லை. நானும் பல ஆண்டுகள் ஆறாம் வசனத்தைப் படித்து, ஒன்பதாம் வசனத்துக்கு வராமலே பிரசங்கத்தை முடித்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இங்கே 'பலம்' என்பதற்கு எபிரெயத்தில் வரும் சொல் ஹாயில். படை, செல்வம், பலர் கூடிச் சேர்க்கும் வல்லமை எல்லாம் அதில் அடங்கும். 'பராக்கிரமம்' என்பதற்கு வரும் கோஹ் ஒருவனுடைய உடலிலும் மனத்திலும் உள்ள சக்தி. தாவீதின் வம்சத்தில் பிறந்தும், பாரசீக ராஜாவின் கீழே வெறும் அதிபதியாக, சொந்தப் படை இல்லாமல் நின்ற செருபாபேலுக்கு முதலாவது சொல் எவ்வளவு உறைத்திருக்கும்!

அந்த வசனத்துக்கு முன்னே ஒரு விளக்கு நிற்கிறது. முழுவதும் பொன்னாலான குத்துவிளக்கு, உச்சியில் ஒரு கிண்ணம், ஏழு அகல்கள், அவற்றுக்கு எண்ணெய் போகக் குழாய்கள், இரு பக்கமும் இரண்டு ஒலிவமரங்கள். மோசேயின் கூடாரத்து விளக்குக்கு ஜனங்கள் ஒலிவக்காயை இடித்துப் பிழிந்து எண்ணெய் கொண்டுவர வேண்டும். ஆரோன் அதைச் சாயங்காலம் தொடங்கி விடியற்காலம்வரை எரியும்படி ஏற்றிவைக்க வேண்டும். சகரியா கண்ட காட்சியிலோ செக்கும் இல்லை, சாடியும் இல்லை, ஊற்றுகிற ஆசாரியனும் இல்லை. மரத்திலிருந்தே எண்ணெய் இறங்குகிறது. எரிவது திரியின் வேலைதான். ஆனால் எண்ணெய் இல்லாத திரி எரியும்போது என்ன ஆகும் என்பது வீட்டில் விளக்கு ஏற்றிய எல்லோருக்கும் தெரியும். கொஞ்ச நேரம் பெரிதாக எரிந்து, தன்னையே தின்று, கருகிப் புகையும். ஊழியத்தில் களைத்துப்போய், எல்லோர்மேலும் எரிந்து விழுகிறவர்களைக் காணும்போது எனக்கு அந்தப் புகைநாற்றம்தான் நினைவுக்கு வருகிறது.

நான் ஒரு ஆலயக் கட்டடக் கமிட்டியில் இருந்தேன். ஆரம்ப ஜெபம் இரண்டு நிமிடம், முடிவு ஜெபம் ஒரு நிமிடம். இடையில் மூன்று மணி நேரம் யாரிடம் எவ்வளவு கேட்கலாம், யாரைப் பகைக்கக் கூடாது, கல்வெட்டில் யார் பெயர் மேலே வர வேண்டும் என்றே பேசினோம். கணக்கு நோட்டு வைத்திருந்ததில் தவறில்லை, செருபாபேலின் கையிலும் தூக்குநூல் இருந்தது, அதைக் கர்த்தர் சந்தோஷமாய்ப் பார்த்தார் என்றே வேதம் சொல்லுகிறது. எங்கள் நம்பிக்கை அந்த நோட்டிலேயே நின்றுவிட்டதுதான் தவறு.

எருசலேமில் நடந்ததைக் கேளுங்கள். ஐபிராத்து நதிக்கு இப்புறத்து நாடுகளின் பாரசீக அதிபதியான தத்னாய் வந்து, இதைக் கட்ட உங்களுக்கு உத்தரவு கொடுத்தது யார் என்று கேட்டு, தரியுவுக்குக் கடிதம் எழுதினான். பதில் வரும்வரை யூதர் வேலையை நிறுத்தவில்லை. பெருங்கற்கள் ஏறின, சுவர்களில் உத்திரங்கள் பாய்ந்தன. ராஜா தேடச் சொன்னபோது, கோரேசின் பழைய கட்டளை மேதிய நாட்டு அக்மேதா பட்டணத்து அரமனையில் அகப்பட்டது. தத்னாயின் அதே நாடுகளில் வாங்கும் வரிப்பணத்திலிருந்தே செலவைத் தாமதமின்றிக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு பிறந்தது. தரியுவின் 6-ஆம் ஆண்டு ஆதார் மாதம் 3-ஆம் தேதி ஆலயம் கட்டி முடிந்தது. அந்த உத்தரவை ஜாக்கிரதையாய் நிறைவேற்றியவன், கேள்வி கேட்க வந்த அதே தத்னாய்.